கண்ணும் ஓர் அமானிதம்

இறைவன் நமக்கு வழங்கியிருக்கும் அருட்கொடைகளை எண்ணப் புகுந்தால் எண்ணி முடியாது. அவற்றுள் கண்ணைப் போல் ஓயாது உழைப்பதும், கண்ணைப் போல் நன்றியின்றி மறக்கப்படுவதும் பிறிதொன்று இல்லை. செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. விசாரணைக்கு உரிய பொருள் நமக்குச் சொந்தமான பொருளாக இருக்க முடியாது. அது ஒப்படைக்கப்பட்ட பொருள், அமானிதம்.

நம் இல்லங்களில் பார்வையைப் பற்றிப் பேசப்படுவனவெல்லாம் பெரும்பாலும் பார்க்கக் கூடாதவற்றைப் பற்றியே அமைந்திருக்கின்றன. பார்வையைத் தாழ்த்துக என்னும் கட்டளை நமக்கு நன்கு தெரியும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அதே திருமறை, பாருங்கள் என்றும் மீண்டும் மீண்டும் பணிக்கிறதே! ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது, வானம் எவ்வாறு உயர்த்தப்பட்டிருக்கிறது, மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்று நோக்கும்படி அது கேட்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்ததற்குக் கணக்கு உண்டென்றால், பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டதற்கும் கணக்கு உண்டன்றோ? இந்த வினாவை நிழற்படக் கலையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிழற்படக் கலையை ஏன் தேர்ந்தோம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பழைய பிலிம் சுருளில் படம் பிடிக்கும் பழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு என்பது ஒரு காரணம். பார்வையைப் பற்றிய நன்மையும் தீமையும் ஒருங்கே தோன்றும் களம் அதுவே என்பது பெரிய காரணம்.

சுருளும் பொறுமையும்

இன்று கைபேசி இல்லாத வீடு இல்லை. அதில் கேமரா இல்லாத கைபேசி இல்லை. ஒரு திருமண வீட்டிலிருந்து திரும்பும் விருந்தினர் ஒவ்வொருவரும் நூறு படங்களோடு திரும்புகின்றனர். அவற்றை மறுமுறை பார்ப்பவர் எத்தனை பேர்? பிலிம் சுருளின் இயல்பு வேறு. 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்கள். அகன்ற 120 சுருளில், சதுரப் படமாக எடுத்தால் 12 படங்கள். ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் பெருமையோடு பேணப்பட்ட அக்ஃபா கிளிக்-3 என்னும் எளிய பெட்டிக் கேமராவில் அந்தப் பன்னிரண்டுதான். பெருநாளுக்கு ஒன்று, உம்ராவுக்குச் செல்லும் மூத்தம்மாவை வழியனுப்ப ஒன்று, குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளுக்கு ஒன்று என்று ஒரு சுருள் ஓராண்டு வாழ்ந்ததும் உண்டு.

எண்ணிக்கை குறையும்போது கவனம் கூடுகிறது. பன்னிரண்டே உண்டு என்று அறிந்தவன் விசையை அழுத்துமுன் ஒருமுறை நிற்கிறான். ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது, இது உண்மையிலேயே போற்றத்தக்க காட்சிதானா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். அந்தக் கேள்வியே பார்வையைப் பண்படுத்துகிறது. பெரும்பாலும் படம் எடுக்காமலேயே நகர்ந்துவிடுகிறான்; ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

இந்தச் சுருளின் அமைப்பும் சிந்தனைக்கு உரியது. மெல்லிய தகட்டின்மேல் ஜெலட்டின் பூச்சு. அதனுள் ஒளியை உணரும் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். கேமராவின் திரை ஒரு நொடியின் சிறு பகுதி திறந்து மூடும்போது, ஒளி பட்ட படிகங்களில் மட்டும் சில வெள்ளி அணுக்கள் பிரிந்து நிற்கின்றன. அப்போது சுருளை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாறாக, பிடித்ததும் அழிந்துவிடும். உருவம் அங்கே மறைந்து நிற்கிறது. இருட்டறையில் டெவலப்பர் என்னும் மருந்தில் கழுவும்போதுதான் அது வெளிப்படுகிறது; ஹைப்போவில் இட்ட பிறகுதான் ஒளிக்கு அஞ்சாமல் நிலைபெறுகிறது. அப்போதும் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தலைகீழாகத் தெரியும். தாளில் அச்சிட்ட பிறகே முகம் முகமாகிறது.

மறைந்து நிற்கும் அவ்வுருவம் எத்தனை காலம் காத்திருக்கும் தெரியுமா? 1897-இல் ஆந்த்ரே என்னும் சுவீடன் நாட்டவர் தம் தோழர் இருவருடன் பலூனில் வட துருவத்தை அடையப் புறப்பட்டார். மூவரும் திரும்பவில்லை. 1930-இல் பனி மூடிய தீவொன்றில் அவர்களின் எச்சங்களோடு பிலிம் சுருள்களும் கிடைத்தன. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த அச்சுருள்களைக் கழுவியபோது, பனிப்பாறையில் வீழ்ந்து கிடந்த பலூனும் அருகே நின்ற மனிதர்களும் தெளிவாகத் தோன்றினர். ஏடுகள் திறக்கப்படும் நாளைப் பற்றி ஓதி வருபவர்களாகிய நமக்கு இச்செய்தி வெறும் விந்தையாக மட்டும் தோன்றுவதில்லை. பதிவானது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் பதிவாகவில்லை என்று பொருளாகாது.

இத்தகைய சுருளை நம் தமிழகமே செய்து தந்தது என்பதை இளைய தலைமுறை அறியாது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்னும் பெயரில் பிலிம், எக்ஸ்ரே பிலிம், அச்சுத்தாள் ஆகியவற்றை நாடெங்கும் அனுப்பியது. காலமாற்றத்தில் அது மூடப்பட்டுவிட்டது. ஆயினும் நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சில அந்த நீலகிரி மலையில் பிறந்த தாளில் பதிந்தவையாக இருக்கலாம்.

நிழலைத் தடுத்து நிறுத்துதல்

இனி மார்க்க நோக்கில் எழும் முதல் தடையைப் பார்ப்போம். உருவம் வரைவோரைக் கண்டிக்கும் நபிமொழிகள் உண்டு. படைத்ததற்கு உயிர் கொடுக்கும்படி மறுமையில் அவர்கள் பணிக்கப்படுவர் என்பது அவற்றின் கருத்து. நிழற்படமும் அதில் அடங்குமா என்பதில் உலமாக்கள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. தேவைக்கு மட்டுமே கூடும் என்போர் உண்டு. கடவுச்சீட்டுக்கும் ஹஜ்ஜுப் பயணத்திற்கும் படம் தர வேண்டியிருப்பதை அவர்கள் தேவை எனக் கொள்வர். எகிப்தில் 1914-இல் தலைமை முஃப்தி பொறுப்பை ஏற்ற ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, நிழற்படம் கூடும் என்று வாதிட்டார்கள். இல்லாத ஒன்றை மனிதன் இங்கே உருவாக்குவதில்லை. இருக்கும் ஒன்றின் நிழலைத் தடுத்து நிறுத்துகிறான், அவ்வளவே என்பது அவர்கள் எடுத்துரைத்த காரணம்.

அவ்வறிஞர் சுட்டிய 'நிழல்' நம் தமிழிலும் இருப்பது வியப்புக்குரியது. 'நிழற்படம்' என்று பெயரிட்டவர்கள் அம்முஃப்தியின் நூலைப் படித்துப் பெயரிட்டிருக்க மாட்டார்கள். எனினும் இரு மொழியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. திருமறையின் அல்ஃபுர்கான் அத்தியாயமோ நிழலையே ஒரு சான்றாக எடுத்துக் காட்டுகிறது. இறைவன் நிழலை எவ்வாறு நீட்டுகிறான் என்று பார்க்கவில்லையா என வினவி, அவன் நாடியிருந்தால் அதை அசையாததாக ஆக்கியிருப்பான் என்றும், கதிரவனை அதற்கு வழிகாட்டியாக வைத்தான் என்றும் அது கூறுகிறது. காலைத் தொழுகைக்குப் பின் முற்றத்துச் சுவரில் முருங்கை மரத்தின் நிழல் ஊர்ந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனத்திற்கு நீண்ட விரிவுரை தேவையில்லை.

நாம் இங்கே தீர்ப்பு வழங்க முன்வரவில்லை. அது கற்றறிந்த ஆலிம்களின் பொறுப்பு. ஐயம் நீங்காதவர்களுக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் கூறியதாக அறிவிப்பு உண்டு. சுவரில் விழும் வெயில், கிணற்று உருளை, மழை நனைத்த ஓடு, மினாராவின் நீண்ட நிழல் ஆகியவற்றை எடுப்பதற்கு ஓர் ஆயுட்காலமே போதாது. நிழற்பட வரலாற்றில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய படமும் அத்தகையதே. பிரான்சு நாட்டு நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் தம் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த அப்படத்தில் மனிதர் எவரும் இல்லை. கூரைகளும் சுவர்களுமே உள்ளன. பதிவதற்குப் பல மணி நேரம் பிடித்ததால், கட்டடத்தின் இருபுறமும் வெயில் விழுந்திருக்கிறது. அன்றாட வீட்டின் கொல்லைப்புறமே இக்கலையின் முதல் பாடம்.

புனிதத் தலங்களையும் இக்கலை விரைவில் சென்றடைந்தது. எகிப்தியப் படையில் பொறியாளராக இருந்த முஹம்மது ஸாதிக் பே என்பவர் 1861-இல் மதீனாவையும் 1880-இல் ஹஜ்ஜின்போது மக்காவையும் படம் பிடித்தார். அவ்விரு திருநகரங்களின் தொடக்ககாலப் படங்கள் ஒரு முஸ்லிமின் கையாலேயே எடுக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

பஸராவின் அறிஞர் கண்ட அழகு

கேமரா என்னும் சொல் அரபு மொழியிலிருந்து சென்றது என்று நம்மவருள் சிலர் பெருமையோடு மேடைகளில் கூறுவர். அது சரியன்று, இலத்தீனில் அறையைக் குறிக்கும் சொல் அது. நமக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை. மெய்ப் பெருமையே போதிய அளவு இருக்கிறது. பஸராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலைத் தந்தார். பல விளக்குகளைச் சிறு துளை ஒன்றின் முன்னே வைத்து, இருண்ட அறையின் எதிர்ச்சுவரில் அவற்றின் ஒளி தனித்தனியே விழுவதையும், ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டும் மறைவதையும் காட்டி, துளையில் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று நிறுவினார். கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் ஒளி பிறை வடிவம் பெறுவதைப் பற்றியும் தனியே எழுதினார். 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் பல ஊர்களில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியபோது, மரத்தடிகளில் இலையிடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகளும் அவ்வாறே வடிவம் மாறின. அவர் சொன்ன இருட்டறை அன்று நம் வேப்பமரத்தடிக்கே வந்திருந்தது.

அந்நூலில் நம் பொருளுக்கு நேரடியாக உதவும் பகுதி ஒன்று உண்டு. கண் காணும் தன்மைகள் இருபத்திரண்டு என்று வகுத்த அவர், ஒளி, நிறம், தொலைவு, வடிவம், அசைவு, நிழல் முதலியவற்றோடு அழகையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அழகு எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவுக்கு அவர் தரும் விடை எளியது. பிற தன்மைகள் தனித்தோ கூடியோ நின்று அழகைத் தோற்றுவிக்கின்றன. அவற்றினிடையே பொருத்தம் அமையும்போது அழகு மிகுகிறது. ஒளி தானே அழகு தரும். அதனால்தான் திங்களும் விண்மீன்களும் கண்ணைக் கவர்கின்றன. நிறம் தானே அழகு தரும்.

இதன் விளைவு யாது? அழகு என்பது அரண்மனைக்கும் பூங்காவுக்கும் மட்டும் உரிய தனிச்சொத்து அன்று. ஒளியும் நிழலும் நிறமும் வடிவமும் இருக்கும் இடமெல்லாம் அழகுக்கு இடமுண்டு. அவை இல்லாத இடம் நம் தெருவில் எங்கே இருக்கிறது?

அன்றாடத்தின் அழகு

திருமறையும் இதற்குச் சான்று தருகிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தில் கால்நடைகளின் பயன்களைச் சொல்லி வரும்போது, கம்பளி உண்டு, உணவு உண்டு, சுமை தூக்கும் உதவி உண்டு என்பதோடு நில்லாமல், மாலையில் அவற்றை ஓட்டி வரும்போதும் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போதும் அவற்றில் நமக்கு அழகு உண்டு என்றும் கூறுகிறது. மாடு வீடு திரும்பும் காட்சியைவிட அன்றாடமான காட்சி வேறு யாது? அதுவும் அருட்கொடைகளின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதைக் காணாதவன் அக்கொடையில் ஒரு பங்கை வாங்காமலே விட்டவனாகிறான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் அன்பைப் பற்றி எழுதும் பகுதியில் இதனை இன்னும் தெளிவாக்குகிறார்கள். பசுமையையும் ஓடும் நீரையும் மனிதன் விரும்புவது பசுமையை உண்பதற்காகவோ நீரைப் பருகுவதற்காகவோ மட்டும் அன்று. காண்பதே இன்பம் என்பதால் விரும்புகிறான். பயன் கருதாத இவ்விருப்பம் உள்ளத்தின் இயல்பு என்றும், அழகை அதன்பொருட்டே விரும்பும் இவ்வியல்பே அழகனைத்தையும் படைத்தவனை விரும்புவதற்கு வாயில் என்றும் அவர்கள் கருத்துச் செல்கிறது.

நம் ஊர்களில் இதற்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் முடையும் பாயைப் பாருங்கள். ஆற்றங்கரையில் வளரும் கோரையை வெட்டி, காய வைத்து, நீரில் ஊறப்போட்டு, இழையிழையாகக் கிழித்து, சாயமேற்றி முடைகிறார்கள். பட்டுப்போல் மடியும் அந்தப் பாயின்மீது மாலை வெயில் சாய்வாக விழும்போது, ஒவ்வோர் இழையும் தனக்கென ஒரு நிழல் கொள்கிறது. ரமளான் மாதப் பிற்பகலில் பள்ளிவாசல் பின்கட்டுக்குச் செல்லுங்கள். நோன்புக் கஞ்சி கொதிக்கும் தேக்சாவிலிருந்து எழும் ஆவி, சாளரத்து வெயிலில் ஒரு தூணாக நிற்கும். தூக்குவாளிகளோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே அது அலைந்து கலையும். ஹவுளின் நீர் ஒளூச் செய்பவரின் கைபட்டு அசையும்போது கூரையின் உட்புறத்தில் ஒளி நெளியும். இவற்றைக் காண நுழைவுச்சீட்டு வேண்டா. நின்று பார்க்கும் ஒரு நொடி போதும்.

யோசெப் சூடெக் என்னும் செக் நாட்டு நிழற்படக் கலைஞர் முதல் உலகப் போரில் வலக் கையை இழந்தவர். கனத்த கேமராவை ஒற்றைக் கையால் தூக்கிச் சென்று பிராக் நகரைப் படம் பிடித்தார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நகரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வெளியே நடமாடிப் படமெடுப்பது அரிதாயிற்று. 1940-இல் அவர் தம் பட்டறையின் சன்னலையே எடுக்கத் தொடங்கினார். 1954 வரை எடுத்தார். கண்ணாடியில் வழியும் நீர்த்துளி, அப்பால் நிற்கும் கோணல் மரம், படியில் ஒரு குவளை. ஒரே சன்னல், ஆண்டுகள் பதினான்கு. உலகம் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட வேளையில், எஞ்சிய ஒரு சன்னலில் அவர் உலகைக் கண்டார். நோயுற்றுப் படுக்கையில் கிடப்போரும், வீட்டை விட்டு அகல இயலாத முதியோரும் நம் குடும்பங்களில் உள்ளனர். அவர்களுக்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

தொலைவு தரும் அழகும் அதன் தீங்கும்

இவ்வளவும் கூறிய பின்னும் ஒரு கடுமையான வினா எஞ்சி நிற்கிறது. அதனைத் தவிர்த்துவிட்டு அழகை மட்டும் பாடுவது நேர்மையன்று. பிறருடைய துன்பமும் நிழற்படத்தில் அழகாகவே தோன்றுகிறதே, அதற்கு என்ன சொல்வது? கிழிந்த கூரை வழியே இறங்கும் ஒளிக்கற்றை படத்தில் எழிலாக இருக்கிறது. அக்கூரையின் கீழ் வாழ்பவருக்கு அது மழைக்காலத்து அச்சம். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணின் வெடித்த பாதம் பரிசு பெறும் படமாகலாம். அவளுக்கு அது வலி.

இப்னுல் ஹைதம் இதற்கும் ஒரு திறவுகோல் வைத்திருக்கிறார். தொலைவும் அழகு தரும் என்கிறார் அவர். எவ்வாறு? ஒரு பொருளின் சிறு குறைகளும் தழும்புகளும் தொலைவில் மறைந்துபோவதால் அது அழகாகத் தோன்றும். அவ்வாறே அண்மையும் அழகு தரும். நுட்பமான வேலைப்பாடுகள் அருகில் சென்றால்தான் புலப்படும். அவர் கண்ணின் தொழிலைப் பற்றியே எழுதினார். நாம் அதை மனத்தின் தொழிலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். தொலைவில் நின்று காணும் வறுமை அழகாக இருப்பது, அங்கே காயம் தெரியாததனால். அருகே சென்றால் காயம் தெரியும். அக்காயத்தோடு வாழும் மனிதரின் பொறுமையும் மானமும்கூடத் தெரியும். முன்னது பொய்யழகு, பின்னது மெய்யழகு.

இரு நிகழ்ச்சிகளை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த கூலிகளின் முகாமில் டொரோத்தியா லாங் என்னும் பெண்மணி ஒரு தாயைப் படமெடுத்தார். தோளில் முகம் புதைத்த இரு குழந்தைகளோடு அத்தாய் தொலைவை நோக்கும் அப்படம் உலகப் புகழ் பெற்றது. செய்தி வெளியானதும் அம்முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. ஆனால் அதற்குள் அத்தாய் குடும்பத்தோடு வேறிடம் சென்றுவிட்டார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அவர் பெயர் 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அப்படத்தால் தமக்கு யாதொரு பயனும் இல்லை என்ற மனக்குறையை அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

மற்றது நமக்கு இன்னும் நெருங்கியது. 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமின் பள்ளியொன்றில் ஆப்கானியச் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மெக்கரி படமெடுத்தார். 1985 ஜூனில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழின் அட்டையில் வெளிவந்த அந்தப் பச்சைக் கண்கள் உலகெங்கும் பேசப்பட்டன. கோடாக்குரோம் என்னும் பிலிமின் நிறச் சிறப்புக்கு அதனையே சான்றாகக் காட்டுவர். அச்சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. அதுவரை தம் படத்தை அவர் கண்டதே இல்லை. முன்பின் அறியாத ஓர் ஆடவர் படமெடுத்ததில் தமக்கு அன்று சினம் ஏற்பட்டதை அவர் நினைவு வைத்திருந்தார். உலகம் வியந்த அப்பார்வையில் அச்சினமும் கலந்திருந்தது. நாமோ அதனை அழகு என்று மட்டும் படித்தோம். 2016-இல் அடையாள அட்டை பற்றிய வழக்கில் பாகிஸ்தானில் சிறைப்பட்டு ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2021-இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் தந்தது.

ஒரு முகத்தின் அழகை உலகமே நுகர்ந்தது; அம்முகத்துக்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. அவ்வட்டை நம் நாட்டிலும் பலர் வீட்டுச் சுவரில் இடம்பெற்றது. ஆகவே இது எடுத்தவர் ஒருவரின் பொறுப்பு மட்டும் அன்று. பார்த்து மகிழ்ந்தோர் அனைவரின் பொறுப்பும் ஆகும்.

அனுமதியும் அண்மையும்

அப்படியாயின் படமெடுப்பதையே விட்டுவிடலாமா? பார்வையால் தீங்கு நேரும் என்பதற்காகக் கண்ணையே மூடிக்கொள்ள மார்க்கம் சொல்லவில்லை. பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்கச் சொன்னது. அந்த முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. காயல்பட்டினத்தில் பெண்கள் பிறர் பார்வை படாமல் வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்குகள் என்னும் குறுகிய சந்துகளை நம் முன்னோர் விட்டு வைத்தனர். பிறர் பார்வைக்கும் ஓர் எல்லை வகுத்து ஊரையே கட்டியவர்கள் அவர்கள். கேமரா ஏந்துபவன் அந்த முடுக்கின் வாசலில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இக்கண்ணோட்டத்தில் பார்த்தால் பழைய சுருள் ஒரு நல்ல ஆசானாகிறது. அதில் விரைவில்லை, ஆகையால் எடுப்பவர் முதலில் நின்று பேசுகிறார். பாய் முடையும் பாட்டியிடம் ஸலாம் கூறி, கோரை எங்கிருந்து வருகிறது, கண் பார்வை எப்படி இருக்கிறது, ஒரு பாய்க்கு என்ன கூலி என்று கேட்ட பிறகு, முகத்தை எடுக்கலாமா, கையை மட்டும் எடுக்கட்டுமா என்று வினவ நேரம் இருக்கிறது. வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிட்டு அங்கேயே அமர்ந்து பேச்சைத் தொடரலாம். சம்மதித்தால், சுருளைக் கழுவி அச்சிட்ட முதல் படம் அவருக்கே உரியது. தம் கைகளின் படத்தைத் தாமே கையில் பிடித்துப் பார்க்கும் முதியவரின் மகிழ்ச்சி, எந்தப் பரிசைக் காட்டிலும் பெரிது என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோதுதான், இறைவன் அழகன், அழகை நேசிப்பவன் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். அதனை நாம் சுவரில் எழுதி மாட்டி வைக்கிறோம். ஆனால் அதே விடையின் பிற்பகுதியை மறந்துவிடுகிறோம். பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதும் ஆகும் என்று அவர்கள் உடனே தெளிவுபடுத்தினார்கள். அழகைப் பற்றிய நபிமொழியும் மனிதரை இழிவாகப் பார்க்கக் கூடாது என்னும் எச்சரிக்கையும் ஒரே விடையில் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நாம் தேடிய அளவுகோல் இதுவே. உண்மையை மறைக்காமலும் மனிதரைத் தாழ்த்தாமலும் கண்ட அழகு, இறைவன் நேசிக்கும் அழகு. அவ்விரண்டில் ஒன்று பிறழ்ந்தாலும் அது வெறும் கண்பசி.

பசித்தவன் இருக்கும் ஊரில் அழகைத் தேடித் திரிவது வீண் ஆடம்பரம் என்போருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கடமையை விட்டுவிட்டு அழகில் ஆழ்வது குற்றமே. ஜகாத்தைக் கொடாமல் கேமரா வாங்குவோருக்காக நாம் வாதாட வரவில்லை. ஆயினும், பக்கத்து வீட்டுப் பசி நம் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் கல்நெஞ்சினால் அன்று, கவனமின்மையால்தான். சுவரில் ஊரும் நிழலைக் காணப் பழகிய கண், அடுத்த வீட்டில் இரு நாளாக அடுப்புப் புகையாததையும் காணும். காணாத கண்ணுக்கு அழகும் தெரியாது, பசியும் தெரியாது.

இறுதியாக ஒன்று. நிழற்படம் எடுப்பது எல்லார்க்கும் உரிய கடமையன்று. கேமரா இல்லாதவருக்கு யாதொரு குறையும் இல்லை. சுருள் தீர்ந்த பின்னும் சாளரத்தில் ஒளி விழுந்துகொண்டுதான் இருக்கும். பன்னிரண்டு படம் என்னும் கணக்கு போல் நமக்கு அளிக்கப்பட்ட காலைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது நமக்கு அறிவிக்கப்படவில்லை. நாளைப் பொழுது விடிந்து பஜ்ருக்கு வாங்கு ஒலிக்கும்போது, முற்றத்தில் நின்று கிழக்கே ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள். பார்க்கக் கூடாததைச் சொல்லித் தந்த நாவினாலேயே பார்க்க வேண்டியதையும் சொல்லித் தருவோம்.

ஒப்படைக்கப்பட்ட கண்ணைக் கறையின்றியும் பயனின்றி வீணாக்காமலும் அதன் உரியவனிடம் திருப்பித் தரும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.